அந்த சீரியலின் கடைசி ஞாயிறு

நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது, ஞாயிறு மதியம் ஓர் ஆங்கில சேனலில் அந்த சீரியல் வரும். ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் கதை. அதில் ஒரு பெண்ணுக்குத் தன் வகுப்புத் தோழிமேல் காதல். அதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று வாரக்கணக்கில் தவிப்பாள். இது எனக்கு மட்டும் வந்த நோயில்லை என்று எனக்குக் காட்டிய ஒரே ஆள் அவள்தான்.

அப்பா மளிகைக் கடையில் இருப்பார். அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் தைத்துக்கொண்டே பார்ப்பாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. நான்தான் கதை சொல்வேன். இரண்டு பெண்களும் உயிர்த்தோழிகள், பரீட்சை பயத்தில் அழுகிறார்கள் என்று சொல்லிவைத்திருந்தேன்.

சீரியல் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, அந்தப் பெண் சமையலறையில் தன் அம்மாவிடம் உண்மையைச் சொன்னாள். அந்த அம்மா அடுப்பை மறந்து அவளையே பார்த்தபடி நின்றாள். என் அம்மாவின் ஊசி நின்றது.

“என்னடி சொன்னா, அவ அம்மா இப்படி நிக்கறா?”

வழக்கம்போல ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

“அவளுக்குப் பசங்கள புடிக்காதாம்மா. அந்தப் பொண்ணத்தான் புடிக்குமாம்.” பிறகு, திரையைப் பார்த்தபடியே சொன்னேன்: “எனக்கும் அப்படித்தாம்மா.”

அம்மா எழுந்து டிவியை அணைத்தாள். அப்பாவிடம் என்ன சொன்னாளோ, மறுநாள் கேபிள் இணைப்பைக் கழற்றிவிட்டார்கள். அந்த வாரம் முழுவதும் சாப்பாட்டுத் தட்டை என் முன்னால் வைத்தாளே தவிர, முகம் பார்க்கவில்லை.

கடைசி ஞாயிறு பௌர்ணமியாக இருந்தது. கிரிவலக் கூட்டத்தில் தெருவில் கால்வைக்க இடமில்லை. அந்தப் பெண் என்ன ஆனாள் என்று தெரியாவிட்டால் நானும் இருக்கமாட்டேன் என்று தோன்றியது. நோட்ஸ் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு ஒரு தோழியின் வீட்டுக்கு ஓடினேன். பூட்டியிருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜுக்குள் நுழைந்தேன். அங்கே ஆண்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவேற்பு மேஜையில் இருந்தவரிடம், “கொஞ்ச நேரம் மட்டும் சேனல் மாத்துங்கண்ணா” என்று கெஞ்சினேன். என் குரல் உடைந்ததைக் கேட்டு, ஆட்டத்தின் இடைவேளையில் மாற்றினார்.

கடைசி சில நிமிடங்கள்தான் கிடைத்தன. கூட்டத்தின் இரைச்சலில் வசனம் கேட்கவில்லை. அந்தப் பெண் பையோடு வாசலில் நிற்கிறாள். அவள் அம்மா கதவைத் திறந்து அவளை இழுத்து அணைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். மறுபடி கிரிக்கெட் வந்துவிட்டது. நான் படியிறங்கி, தெருவில் நின்று அழுதேன். இனி எந்த ஞாயிறும் அவள் வரமாட்டாள். மலை சுற்றப் போகிறவர்கள் என்னை விலகி நடந்தார்கள்.

சில நாள் கழித்து, சோறு போடும்போது அம்மா தானாகக் கேட்டாள்.

“அந்தக் கதையில, அவ அம்மா அவள சேத்துக்கிட்டாளா?”

“சேத்துக்கிட்டாங்கம்மா.”

“கதைதானே,” என்று சொல்லிக் குழம்பை ஊற்றினாள்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். எனக்கு விருப்பமில்லை என்று அவர்கள் முன்னாலேயே சொன்னேன். அவர்கள் போனபின் அப்பா அடித்தார். அம்மா தடுக்கவில்லை.

படிப்பு முடிந்ததும் சென்னையில் வேலை தேடிக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட அம்மா மட்டும் வந்தாள். ஜன்னலோரம் நின்று, “வேளைக்குச் சாப்புடு” என்றாள். இன்னும் ஏதாவது சொல்வாள் என்று பஸ் கிளம்பும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.