பம்பாயிலிருந்து லண்டன் எவ்வளவு தூரம்

பனியன் துணி வெட்டிக்கொண்டிருந்த என் மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜைமேலேயே சாய்ந்தார். வீட்டுக்குக் கொண்டுவரும்போது உயிர் இல்லை. கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன், என் கணவர், லண்டனில் இருந்தார். கல்யாணமான வருஷமே மிஷின் வேலை பழகப் போனவர், அங்கேயே ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார்.

அவருக்குத் தந்தி கொடுத்த கையோடு, கொழுந்தனார் கோயமுத்தூர் போய் விமான டிக்கெட் ஆபீஸில் விசாரித்து வந்தார்.

"லண்டன்ல ஏறுனா மறுநாள் பம்பாயிங்க. அங்கிருந்து கோயமுத்தூருக்கு இன்னொரு பிளேன். நாளன்னைக்கு அண்ணன் இங்க நிப்பாருங்க."

"அப்பறம் என்ன, எம்பையன் வரட்டும்" என்றார் அத்தை.

சித்திரை வெயில். உடம்பைச் சுற்றி ஐஸ் கட்டிகளை அடுக்கி மரத்தூளைக் கொட்டினோம். உருகி ஓடிய தண்ணீரை நான் சாக்கால் ஒற்றிப் பிழிந்துகொண்டே இருந்தேன். இரண்டாம் நாள் மாலையில் ஊதுபத்தியை மீறி வாடை வந்தது. சொந்தக்காரர்கள் வாசலோடு நின்றுகொண்டார்கள். தெருவில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் அத்தை எழுந்து எழுந்து உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் தந்திதான் வந்தது. சீட் கிடைக்கவில்லை, காத்திருக்க வேண்டாம். கொழுந்தனார் கொள்ளி வைத்தார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அத்தை சொன்னார்: "கடலத் தாண்டியல்லோ வரோணும்! அவன் என்ன பண்ணுவான், பாவம்." நானும் அப்படித்தான் நம்பினேன்.

அடுத்த வருஷம் கணவர் எனக்கு டிக்கெட் அனுப்பினார். பம்பாயில் விமானம் ஏறினேன். சாப்பாடு கொடுத்தார்கள். கொஞ்சம் தூங்கினேன். விழித்தபோது பக்கத்துச் சீட்டுப் பெண் தலை வாரிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். இறங்கப் போகிறோம் என்றாள். இவ்வளவுதானா? என் கையில் சாக்குத் தண்ணீரின் வாடை அடிப்பதுபோல் இருந்தது.

விமான நிலையத்திலிருந்து போகும் பஸ்ஸில் கணவரிடம் கேட்டேன். "அன்னைக்கு நெசமாவே சீட்டு இல்லீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "கேட்டுப் பாக்கல. வந்து என்ன பண்ணியிருப்பேன்? போன உசுரு வந்துருமா?"

அதன்பிறகு ஒரே வீட்டில் இருந்தோம், ஒன்றாகச் சாப்பிட்டோம். எனக்கு அவரிடம் பேச எதுவும் இருக்கவில்லை.

கொழுந்தனார் கல்யாணத்துக்கு இருவரும் ஊருக்கு வந்தோம். அதற்கு மட்டும் அவருக்குச் சீட்டு கிடைத்தது. அடுப்படியில் இடியாப்பம்போல் சந்தவை பிழிந்துகொண்டிருந்த அத்தை என்னிடம் கேட்டார்:

"ஏங்கண்ணு, நீதான் போய்ட்டு வந்திருக்கயே. அந்த ஊரு ரொம்பத் தூரமா?"

கணவர் பக்கத்து அறையில்தான் இருந்தார். பேப்பர் புரட்டும் சத்தம் நின்றது.

"ரொம்பத் தூரமுங்க அத்தை" என்றேன். "நெனச்சா வந்தற முடியாதுங்க."

"அதான் நானும் எல்லார்த்துகிட்டயும் சொன்னேன்" என்றார் அத்தை. மகனுக்கு முதல் தட்டை வைத்துவிட்டு, ஆறுவதற்குள் வரச் சொல்லிக் கூப்பிட்டார்.