நிலவறையில் தேங்கிய கேஸ்

மும்பை செம்பூரில் ஒரு பால்கடைக்கு நான் போனது என் அத்தானுக்குப் பதிலாகத்தான். என் அக்காவின் கணவரான அவரும் என்னைப் போலவே குளிர்பதன மெக்கானிக். கல்யாணில் ஒரு ஓட்டல் வேலையில் அவர் மாட்டிக்கொண்டதால் என்னைத் தாராவியிலிருந்து போகச் சொன்னார்.

"குளிர் ரூமுல கேஸ் கொறஞ்சிருக்கும் மாப்ள. ஏத்திவிட்டுட்டு வந்துரு, சின்ன வேலைதான்," என்றார் போனில்.

குளிர் அறை கடைக்கு அடியில், நிலவறையில் இருந்தது. ஜன்னல் கிடையாது. குளிர் அறையின் கதவை ஒட்டி ஒரு மேசை போட்டு, மூன்று பெண்கள் தயிரைப் பாக்கெட்டில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இறங்கும்போது அவர்களில் மூத்தவர், ஐம்பது வயதிருக்கும், படிக்கட்டில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தார்.

"என்னக்கா, ஒடம்பு சரியில்லையா?"

"தலை கிர்ருனு சுத்துது தம்பி. ஒரு வாரமா எங்க மூணு பேருக்கும் இப்படித்தான். மேல போயி நின்னா சரியாப் போவுது, கீழ வந்தா திரும்பச் சுத்துது. சேட்டுகிட்ட சொன்னா கேக்க மாட்டேங்காரு."

சேட்டு என்று அவர் சொன்னது கடை முதலாளியை. அவரும் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள்தான். எனக்குப் பின்னாலேயே இறங்கி வந்திருந்தார்.

"விரதம் விரதம்னு பட்டினி கெடந்தா தலை சுத்தாம என்ன செய்யும்? நீரு கேஸை ஏத்தும்வே, கஸ்டமர் நிக்கான்."

எனக்கு அப்போதே சுருக்கென்றது. மூன்று பெண்களும் ஒரே வாரத்தில் விரதம் இருந்தார்களா? கசிவு காட்டும் கருவியைப் பையிலிருந்து எடுத்துத் தரைப்பக்கம் நீட்டினேன். குளிர் அறைக்குள்ளே போகக்கூட வேண்டியிருக்கவில்லை. மேசைக்கு அடியிலேயே அது விடாமல் கத்தத் தொடங்கியது. மெஷினில் குளிரூட்டும் இந்தக் கேஸுக்கு மணமில்லை, நிறமில்லை. காற்றைவிடக் கனம் என்பதால் கீழே படிந்து, மூச்சுவிடும் காற்றை மெல்ல வெளியே தள்ளிவிடும். ஜன்னலில்லாத நிலவறை அதற்குத் தொட்டி மாதிரி.

"எல்லாரும் மேல போங்க. இப்பவே," என்றேன். மெஷினை நிறுத்தினேன். கடையிலிருந்த பெரிய மேசை மின்விசிறியைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டில் வைத்து, உள்ளே இருந்த காற்றைத் தெருப்பக்கம் தள்ளினேன்.

"எதுக்குவே எல்லாரையும் வெளிய நிறுத்திருக்கீரு? இன்னிக்கு டெலிவரி யாரு பண்ணுவா?"

"அண்ணாச்சி, கீழ ஆளு மயங்கி விழுந்தா தூக்கப் போறவனும் விழுவான்."

கருவி அடங்கும்வரை யாரையும் இறங்கவிடவில்லை. பிறகு மெஷினில் மீதமிருந்த கேஸைக் காலி சிலிண்டருக்குள் இழுத்து வைத்தேன். ஓட்டை எங்கே என்று பார்க்க, குழாய்க்குள் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவ வேண்டும். நைட்ரஜன் சிலிண்டர் காட்கோபரிலிருந்து வரவேண்டியிருந்தது. அதற்குச் சொல்லிவிட்டுக் காத்திருந்தபோது முதலாளி பக்கத்து வெல்டிங் கடையிலிருந்து ஒரு சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். ஆக்சிஜன்.

"இதும் காத்துதானவே? இதை ஏத்திப் பாரும், டைம் வேஸ்ட் பண்ணாதீரு."

"அண்ணாச்சி, உள்ள கம்ப்ரசர் எண்ணெய் இருக்கு. ஆக்சிஜன் அழுத்தத்துல அதைத் தொட்டா வெடிக்கும். நானும் போவேன், ஒம்ம கடையும் போவும்."

"ஒம்ம அத்தான் இவ்ளோ பேச மாட்டாரு. வந்தமா, ஏத்துனமான்னு போயிருவாரு."

சிலிண்டரை நானே திரும்பத் தள்ளிக்கொண்டுபோய் வெல்டிங் கடையில் விட்டுவந்தேன்.

நைட்ரஜன் வந்தது. ரெகுலேட்டர் வைத்து, மெஷின் தாங்கும் அளவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். குளிர் அறைக்குள் விசிறிகளுக்குப் பின்னால், செப்புக்குழாய் வளையும் இடத்தில் எண்ணெய்க் கறை. நுரையைத் தடவியதும் அங்கே பொங்கிப் பொங்கி வந்தது. துடைத்துப் பார்த்தேன். ஓட்டையின் மேல் யாரோ எம்-சீல் அப்பியிருந்தார்கள்; அதன் ஓரம் வெடித்திருந்தது. தண்ணீர்க் குழாயை அடைக்கிற பசை அது.

அத்தானுக்குப் போன் போட்டேன். எம்-சீல் அப்பியது அவரா என்று கேட்டேன்.

"ஓட்டையைப் பத்தவைக்கணும்னா மெஷினை நிறுத்தணும் மாப்ள. அண்ணாச்சி நிறுத்தக் கூடாதுன்னுட்டாரு. நான் என்ன செய்ய?"

"பக்கத்துல மூணு பொம்பளைங்க நிக்காங்க அத்தான். அவங்ககிட்டயாவது சொன்னீங்களா?"

"அதெல்லாம் சேட்டு பாத்துக்கணும்."

அதற்குமேல் எனக்குப் பேசப் பிடிக்கவில்லை. முதலாளிக்குத் தொழில் தெரியாது, அத்தானுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு முறையும் கேஸை ஏற்றியிருக்கிறார். ஏற்றியதெல்லாம் அந்தப் பெண்கள் மூச்சுவிடும் இடத்துக்குத்தான் போயிருக்கிறது.

நைட்ரஜனை வெளியே விட்டு, பசையைச் சுரண்டி, வளைவைப் பற்றவைத்தேன். மறுபடி அழுத்தம் ஏற்றி, இறங்காமல் நிற்கிறதா என்று மதியம் முழுக்கப் பார்த்தேன். நின்றது. உள்ளிருந்த காற்றை பம்ப்பால் உறிஞ்சியெடுத்த பிறகுதான் புதுக் கேஸ். கிளம்பும்போது, நிலவறைக்கு எக்ஸாஸ்ட் விசிறியும் கசிந்தால் கத்தும் அலாரமும் கட்டாயம் வேண்டும் என்றேன்.

"அடுத்த மாசம் பாப்போம்," என்றார் முதலாளி.

மேலே நின்றுகொண்டிருந்த அந்த அக்கா அதைக் கேட்டுவிட்டார். "அப்ப நாங்களும் அடுத்த மாசமே கீழ போறோம் சேட்டு," என்றார். மற்ற இருவரும் கீழே போய் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கல்லாவுக்கு எதிரே, வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் போட்டு, அங்கேயே தயிர் அடைக்க ஆரம்பித்தார்கள். பால் வாங்க வந்தவர்களெல்லாம் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். அந்த அக்கா இந்தியிலும் தமிழிலும், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னார்.

அந்த வாரமே விசிறியும் அலாரமும் மாட்டியாகிவிட்டது. மாட்டச் சொல்லி முதலாளி கூப்பிட்டது அத்தானை. அவரும் போய் மாட்டிக்கொடுத்துவிட்டு வந்தார். என் அக்கா வீட்டுக்கு இப்போதும் போகிறேன். அத்தான் இல்லாத நேரமாகப் பார்த்துப் போகிறேன்.