மதாம் ரெஜினாவின் கோபம்

ஸ்கேன் அறையில் ஒரு பெண்ணைப் படுக்க வைத்திருந்தபோது நர்ஸ் வந்து, "மதாம் போய்ட்டாங்களாம்" என்றாள். எந்த மதாம் என்று நான் கேட்கவில்லை. புதுச்சேரியில் பிரசவம் பார்க்கும் எங்களுக்கு மதாம் என்றால் டாக்டர் ரெஜினா ஒருவர்தான். கருவடிக்குப்பத்து வீட்டில், தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது.

இரங்கல் கூட்டத்தில் பேசிய எல்லாரும் அவரைச் சாந்தமானவர் என்றார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவர் சாந்தமானவர் இல்லை. அவர் ஏன் கோபப்பட்டார் என்பதைச் சொல்லத்தான் நம் மருத்துவர் சங்க இதழில் இதை எழுதுகிறேன்.

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் செல்வியை அவர்தான் என்னிடம் ஸ்கேனுக்கு அனுப்பினார். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தரித்த முதல் கர்ப்பம். ஆறாவது மாதம். குழந்தைக்கு மண்டை ஓடு உருவாகவே இல்லை. பிறந்தாலும் பிழைக்காது. முன்பே வேறோர் இடத்தில் ஸ்கேன் எடுத்திருக்கிறாள். "தலை சரியா தெரியல, ரெண்டு வாரம் கழிச்சு வாங்கன்னாங்க. அதுக்குள்ள எங்க மாமனாரு தவறிட்டாரு. அப்புறம் போவல" என்றாள். அந்த இடைவெளியில் இருபது வாரம் தாண்டிவிட்டது. தாயின் உயிருக்கே ஆபத்து என்றால் தவிர, அதற்குமேல் கருவைக் கலைக்கச் சட்டம் விடாது.

"தாய்க்கு ஆபத்துன்னு எழுதிட்டா முடிஞ்சுது" என்று மூத்த மருத்துவர் ஒருவர் யோசனை சொன்னார். ரெஜினா மறுத்தார். "இன்னிக்கு இவளுக்குப் பொய் எழுதினா நாளைக்கு வர்றவளுக்கும் பொய்தான் எழுதணும். இவளுக்கு நியாயமா கெடைக்க வேண்டியத நான் ஏன் திருடிக் குடுக்கணும்?" வக்கீலிடம் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்குள் பிரசவமே ஆகிவிடும் என்றார் வக்கீல். அன்று ரெஜினா என் அறைக்கு வந்து நாற்காலியை உதைத்தார்.

செல்வி மூன்று மாதம் சுமந்தாள். ஒருநாள் அவரிடம் கேட்டாள்: "மீன் வாங்க வர்றவங்கள்லாம் எத்தினி மாசம், எப்ப பொறக்கும்னு கேக்கறாங்க மதாம். என்னா சொல்லட்டும்?"

"யாருக்கும் ஒண்ணும் சொல்ல வேணாம். கொஞ்ச நாளைக்கு மார்க்கெட்டுக்குப் போவாத."

"போவலன்னா சோறு?"

அதற்குப் பிறகும் செல்வி மார்க்கெட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள்.

குழந்தை பிறந்து சிறிது நேரம் மூச்சு விட்டது. "காட்டாதீங்க, பயந்துடுவா" என்றாள் மாமியார். ரெஜினா செல்வியைத்தான் கேட்டார். "குடுங்க" என்றாள். பஞ்சு வைத்துத் தலையை மூடித் துணி சுற்றி அவள் கையில் கொடுத்தார். வராந்தாவில் உறவுக்காரர் ஒருவர் சாமி குத்தம் என்று ஆரம்பித்ததும் வெளியே போய், "இத சாமி தலையில போடாதீங்க, இவ தலையிலயும் போடாதீங்க. மூணு மாசம் இவள இப்படி சுமக்க வச்சது மனுஷங்கதான்" என்றார். அந்த மனிதர்களில் தன்னையும் சேர்த்தேதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

அதன்பின் மருத்துவர்கள் கூடிய கூட்டங்களில் எல்லாம் எழுந்து, சட்டத்தை மாற்றச் சொல்லி நாமெல்லாரும் கேட்க வேண்டும் என்றார். ஒவ்வொரு தடவையும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளினார்கள். "இது உணர்ச்சிகரமான விஷயம் டாக்டர்" என்றார் தலைமை வகித்தவர். "உங்களுக்கு உணர்ச்சி. அவளுக்கு வயிறு" என்றார் இவர். சிலர் சிரித்தார்கள். பிறகு தேநீர் கொடுத்தார்கள். இந்த 2015-லும் சட்டம் அப்படியேதான் இருக்கிறது. கேட்டவர்தான் இல்லை.

அவரைப் போலச் சபையில் எழுந்து பேச எனக்கு வராது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான்: ஒரு பெண்ணிடம் முடியாது என்று சொல்ல நேர்ந்தால், சொல்லிவிட்டு எழுந்து போகாமல் அவள் பக்கத்திலேயே இருப்பது. போன வாரம் அரியாங்குப்பத்துப் பெண் ஒருத்தியிடம் அப்படிச் சொல்ல நேர்ந்தது. சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். நான் திறக்கவில்லை.