நல்ல நேரம் பார்த்த வலைப்பக்கம்

சிவகாசியில் அச்சாகிற தினசரி காலண்டரை வாங்கிப் போய் மாட்டுகிறவர்கள், அதிலிருக்கும் ராகுகாலத்தையும் எமகண்டத்தையும் நல்ல நேரத்தையும் உட்கார்ந்து டைப் அடித்தது யார் என்று ஒருநாளும் கேட்பதில்லை. ஒரு பிரஸ்ஸில் அந்த வேலையைச் செய்தவள் மாரிசெல்வி. ஊர் உலகத்துக்கெல்லாம் நேரம் அடித்துக் கொடுத்தவள் தனக்கென்று பார்த்தது ஒரே ஒரு நல்ல நேரம். அது அவள் கழுத்தை அறுத்தது.

மல்லாங்கிணறுப் பக்கம் மானாவாரிக் காட்டில் பிறந்தவள். மழை பெய்தால் பருத்தி, பெய்யாவிட்டால் கூலி. பிளஸ் டூ முடித்துவிட்டு டிடிபி படித்து, பிரஸ்ஸில் சேர்ந்து, விஸ்வநத்தத்துப் பாண்டிராஜுக்கு வாழ்க்கைப்பட்டாள். பாண்டிராஜ் பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை ஆள். மருந்து என்றால் வெடிமருந்து. இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு முதல் அர்த்தம் அதுதான். குடிக்க மாட்டான். கல்யாண வீட்டுப் பின்கட்டில் மற்ற ஆம்பளைகள் பாட்டிலைத் திறக்கும்போது இவன் மட்டும் பன்னீர் சோடாவோடு உட்கார்ந்திருப்பான். "இவனுக்கு ஒரு பால்புட்டி வாங்கிக் குடுங்கடா" என்று கேலி பேசியவர்கள் இன்றைக்கும் தெருவில் இருக்கிறார்கள். இருந்து என்ன செய்ய?

தீபாவளி சீசன் நெருக்கத்தில் ஒரு காலை, சட்டையை மாட்டிக்கொண்டே சொன்னான்:

"நேத்துக் கலந்த மருந்து மிச்சம் கெடக்கு செல்வி. ராப்பூரா ஈரக்காத்துல கெடந்தது. அதையே அள்ளிப் போடச் சொல்றாக. ஆர்டர் நிக்குதாம்."

"முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதான?"

"சொன்னா நாளைக்கு வேற ஆளு வந்து போடுவான்."

மத்தியானத்துக்கு முன்னால் அந்த அறை இல்லை. பாண்டிராஜும் மூன்று பெண்களும் போனார்கள். அதில் ஒருத்தி எதிர்வீட்டு மாடத்தியின் மகள், பொன்மணி. கலந்த மருந்தை அன்றன்றே தீர்க்க வேண்டும், மிச்சத்தை மறுநாளுக்கு வைக்கவே கூடாது என்பது இந்தத் தொழிலில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். அதனால் கம்பெனி அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பாண்டிராஜ் குடித்துவிட்டு வந்து மருந்துத் தட்டைக் கீழே போட்டான் என்றது. உடம்பே முழுசாகக் கிடைக்காதவன் வாயில் என்ன வாடை அடித்தது என்பதை எந்த மூக்கால் மோந்து பார்த்தார்களோ, தெரியவில்லை.

மாரிசெல்விக்கு வேண்டியது ஒன்றுதான். தன் புருஷன் குடித்துவிட்டு மூன்று பேரைக் கொன்றவன் இல்லை என்பது எழுத்தில் நிற்க வேண்டும். கம்பெனிக்குச் சீல் வைத்து, சூலக்கரை கலெக்டர் ஆபீசில் நடக்கிற விசாரணை முடிவதற்குள் நிற்க வேண்டும். பேஸ்புக்கில் எழுதினாள், கம்பெனி ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து புகார் போட்டார்கள், பதிவு போய்விட்டது. மறுபடி எழுதினாள், கணக்கையே முடக்கிவிட்டார்கள். அடுத்தவன் சுவரில் எழுதினால் வெள்ளையடிக்கத்தான் செய்வான், சொந்தமாக ஒரு சுவர் வேண்டும் என்று அப்போதுதான் உறைத்தது.

பிரஸ்ஸின் வெப்சைட்டில் புது டிசைன்களை ஏற்றுவதும் அவள் வேலைதான் என்பதால் சர்வர் என்றால் பூச்சாண்டி இல்லை. சின்னதாக ஒரு சர்வரை வாடகைக்குப் பிடித்தாள். முகவரியைப் புருஷன் பெயரிலேயே, தன் பொறுப்பில் பதிந்தாள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டிருந்த ஒரு வலைப்பதிவு மென்பொருளைத் தேடிப் பிடித்தாள். எடை குறைந்தது, டேட்டாபேஸ் எல்லாம் கேட்காது, எழுதுகிற ஒவ்வொன்றையும் தனித்தனி எழுத்துக் கோப்பாக வைத்துக்கொள்ளும். பிரஸ்ஸில் மற்றவர்கள் சாப்பிடப் போன நேரமெல்லாம் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியாக அடித்தாள். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அது ஏறாது. ஏறியும், அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தது. எந்த ஃபோல்டருக்கு எழுதும் உரிமை தரவில்லை என்று தேடித் தேடிக் கண் பூத்தது. பிரஸ்ஸில் பழகிய பழைய ஃபாண்டில் அடித்துப் பார்த்தபோது பாண்டிராஜ் என்ற பெயர் திரையில் கோணல்மாணலான ஆங்கில எழுத்துகளாக வந்து நின்றது. அன்றைக்கு மேஜையில் தலையை வைத்து அழுதாள். அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு யூனிகோடில் அடிக்கப் பழகினாள்.

ஒருநாள் சாயங்காலம் வீட்டில், பழைய லேப்டாப்பில், எல்லாம் கூடி வந்தது. முகவரியைத் தட்டியதும் வெள்ளையாக ஒரு பக்கம் திறந்தது. தளத்தின் பெயர் என்ன, உங்கள் பெயர் என்ன, என்ன பாஸ்வேர்டு வேண்டும் என்று மூன்று கட்டம், கீழே ஒரு பொத்தான். நிரப்பி அமுக்கினால் தீர்ந்தது. முதலில் நிரப்புகிறவர்தான் அந்தத் தளத்துக்குச் சொந்தக்காரர். மாரிசெல்வி விரலைக் கொண்டுபோனாள்.

"ஏத்தா, இரு" என்றாள் மாமியார் சின்னத்தாய். "இன்னைக்கு அஷ்டமி. செத்த புள்ள பேர்ல தொடங்குற காரியத்த அஷ்டமியிலயா தொடங்குவாக?"

"இது கம்ப்யூட்டர் அத்தை. இதுக்கெல்லாமா பாப்பாக?"

"மிசினு மொத மொதல்ல ஓட்டும்போது ஒங்க மொதலாளி நேரம் பாத்துத்தான ஓட்டுறாரு. எம்மகன் பேருக்கு அதுகூடக் கிடையாதா?"

மாரிசெல்வியே நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். அவள் அடித்துக் கொடுத்த காலண்டர்தான். அஷ்டமி என்று போட்டிருந்தது. மறுநாள் காலையில் அருமையான நேரம் இருந்தது. வருசம் முழுக்க அதையே அடித்துக்கொண்டிருந்தால் மனசிலும் அச்சு விழத்தானே செய்யும். விரலை எடுத்துவிட்டாள். எடுத்ததோடு விட்டிருக்கலாம். சந்தோஷம் தாங்காமல், சொந்தபந்தமெல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் பாண்டிராஜின் கல்யாணப் போட்டோவைப் போட்டு, 'நாளைக் காலை நல்ல நேரத்தில் என் வீட்டுக்காரர் பக்கம் திறக்கிறது, எல்லோரும் பாருங்கள்' என்று முகவரியையும் அனுப்பினாள். கடையைக் கட்டி, சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டு, ஊருக்கு வழியும் சொல்லிவிட்டுப் படுத்தாள்.

காலையில் தலைக்குக் குளித்தாள். போட்டோவுக்கு மாலை போட்டு விளக்கேற்றினாள். மாடத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து முன்னால் உட்கார வைத்தாள். நேரம் வந்ததும் முகவரியைத் தட்டினாள். மூன்று கட்டங்களைக் காணோம். தளம் திறந்தே இருந்தது. மேலே பாண்டிராஜின் கல்யாணப் போட்டோ, கீழே நாலைந்து வரி.

மாடத்தி எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆசையாகக் குனிந்து, விரலால் தொட்டுத் தொட்டுச் சத்தமாகப் படித்தாள். "என்... கணவர்... அன்று... குடித்துவிட்டுத்தான்... வேலைக்குப்... போனார். குடும்ப... மானத்துக்காக... மறைத்தேன். இறந்தவர்கள்... குடும்பத்திடம்... மன்னிப்பு... கேட்கிறேன். இப்படிக்கு... மாரிசெல்வி."

படித்து முடிக்கிறவரை யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாருக்கும் கை வரவில்லை. மாடத்தி எழுந்து, எரிகிற விளக்கை ஊதி அணைத்துவிட்டு வெளியே போனாள்.

யார் செய்தது என்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பாண்டிராஜின் தம்பி காளீஸ்வரன் அந்த மாசம்தான் அதே கம்பெனியில் போர்மேன் ஆகியிருந்தான். குழுவில் வந்த முகவரியைத் திறந்தவன், பக்கத்திலிருந்த மேனேஜரிடம் காட்டினான். இரண்டு பேருமாகக் கட்டங்களை நிரப்பினார்கள். இதற்குப் படிப்பு எதற்கு, விரல் இருந்தால் போதும். அம்மா முன்னாலேயே அதை ஒத்துக்கொண்டான்.

"ஆமா மதினி, நாந்தேன். கம்பெனி தொறந்தாத்தேன் தெருவுல அடுப்பு எரியும். செத்தவனுக்கு இனிமே என்ன மானம்? இருக்கவுக திங்க வேண்டாமா?"

"ஒங்கண்ணனை ரெண்டாவது தடவ கொன்னுட்டீகளே."

"மொதத் தடவ நானா கொன்னேன்?" என்று கேட்டுவிட்டு, அம்மா ஊற்றிவைத்த சோற்றுக் கஞ்சியைக் குடித்துவிட்டு மேனேஜரைப் பார்க்கக் கிளம்பினான்.

சர்வர் அவளுடையது, அந்தப் பதிவை மட்டும் எடுத்திருக்கலாம். ஆனால் அவளுக்கு அந்த இடமே அருவருத்தது. சாவு விழுந்த வீட்டைக் கூரையிலிருந்து வாசல்வரை கழுவிவிடுகிற பழக்கத்தில், சர்வரையே மொத்தமாக வழித்துத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினாள். இந்தத் தடவை அஷ்டமி நவமி பார்க்கவில்லை. மிச்ச மருந்து, ஈரக்காற்று, அந்தக் காலைப் பேச்சு என நடந்ததை நடந்தபடி எழுதினாள். யார் எங்கிருந்து வந்து அந்தக் கட்டங்களை நிரப்பினார்கள் என்று சர்வர் குறித்து வைத்திருந்த தடமும் கழுவின தண்ணீரோடு போய்விட்டது என்பது அப்புறம்தான் அவளுக்குப் புரிந்தது.

சூலக்கரை விசாரணையில் கம்பெனி வக்கீல் ஒரு கலர்த் தாளை மேஜைமேல் வைத்தார். அவள் அழித்த அந்தப் பழைய பக்கம், பளபளவென்று அச்சாகியிருந்தது.

"இந்த வெப்சைட் யாருடையதும்மா?"

"என்னுடையதுங்க."

"வேற யாருக்காவது இதில் எழுத உரிமை குடுத்திருந்தீங்களா?"

"இல்லைங்க."

"இதை அழிச்சது?"

"நான்தாங்க. ஆனா அதை எழுதுனது நான் இல்ல..."

"உங்க இடம், உங்க பேரு, அழிச்சதும் நீங்க. எழுதுனது மட்டும் நீங்க இல்லையா?" என்று வக்கீல் சிரித்தார். அதட்டக்கூட இல்லை, அதற்கு அவசியமே வரவில்லை.

மூன்று கட்டங்களைப் பற்றி, நல்ல நேரத்தைப் பற்றி, காளீஸ்வரன் ஒத்துக்கொண்டதைப் பற்றி, அவள் மூச்சு வாங்கச் சொன்னாள். விசாரித்த அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். அன்றைக்கு உடன் இருந்தவர் யார் என்றார். சின்னத்தாய் எழுந்து நின்றாள்.

"நேரம் பாத்துத் தொடங்குன்னு சொன்னது நாந்தேன் அய்யா. காலம்பற குளிச்சு, வெளக்கேத்தி, இவதான் தொறந்தா. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன்."

"வேற யாராவது எழுதியிருப்பாங்களாம்மா?"

கிழவி மருமகளைப் பார்க்கவில்லை. "வேற யாரு அய்யா எழுதப் போறா? எங்க வீட்டுல இந்தப் பொட்டி தெரிஞ்சது இவ ஒருத்திக்குத்தான்."

திரும்பி வரும் பஸ்ஸில் ஒரே சீட்டில்தான் உட்கார்ந்து வந்தார்கள். "எனக்கு மிச்சம் ஒருத்தன்தானத்தா" என்றாள் சின்னத்தாய், ஜன்னல் பக்கமாக. பெற்றவள் இருக்கிற மகனைக் காப்பாற்றிக்கொண்டாள். செத்த மகனைக் காப்பாற்ற வந்தவள் எங்கிருந்தோ வந்தவள்தானே.

தவறு பாண்டிராஜுடையது என்று முடிவானது. கம்பெனி, நல்ல நேரம் பார்த்து, பூஜை போட்டுத் திறந்தது. அந்தப் பொங்கலுக்குக் காளீஸ்வரன் கம்பெனி காலண்டர் ஒன்றைக் கொண்டுவந்து அண்ணன் போட்டோவுக்குப் பக்கத்தில் மாட்டினான். உள்ளே நேரங்களை அடித்தவள் மாரிசெல்விதான்.

அவள் எழுதியது இன்றும் அந்த முகவரியில் நிற்கிறது. சொந்த இடம், யாராலும் அழிக்க முடியாது. யாரும் அழிக்க முயலவும் இல்லை. ஒருநாள் குழாயடியில் மனசு தாங்காமல் போனைத் திறந்து மாடத்தியிடம் நீட்டினாள். "ஒரு தடவ இதப் படிச்சுப் பாருங்கத்தை. இதுதான் நெசம்."

மாடத்தி போனைப் பார்க்கவே இல்லை. குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"இது நெசம்னா மொத அப்பிடி எழுதிட்டு ஏன்டி அழிச்ச?"