கடல்மட்டத்துக்குக் கீழே

தென்துருவக் கரையோரத்தில் முட்டை வடிவில் ஒரு வெண்மேடு இருக்கிறது. மனிதர் வசிப்பதில்லை, செடிகொடி இல்லை. சுற்றிலும் உறைந்த கடல், மேலே கெட்டிப்பட்ட பனி. எங்கள் வரைபடங்களில் அதைத் தீவு என்றே குறித்திருந்தோம். ஆனால் கரையை முழுக்கோடாக வரையத் துணியாமல் புள்ளிக்கோடாக விட்டிருந்தோம். பனிக்கு அடியில், கடல்மட்டத்துக்கு மேலே நிலம் இருந்தால்தான் அது தீவு. இல்லையேல் கடலடித் தரையில் குந்தியிருக்கும் பனிமேடு மட்டுமே.

தீவு என்று எழுதியவர் என் மனைவி. ஸ்டுட்கார்ட்டில் ஒரே வரைபட நிறுவனத்தில், ஒரே மேசையின் இரு பக்கங்களில் நாங்கள் பணியாற்றினோம். விமானத்திலிருந்து எடுத்த பழைய படமொன்றில், மேட்டின் வடமுனையில் கடுகளவு கருமை தெரிந்தது. பாறை என்றார் அவர். நிழல் என்றேன் நான்.

"தீவாருக்குப் பாக்கிற இடமெல்லாம் தீவுதான்," என்று சீண்டினேன். அவர் யாழ்ப்பாணத்துக்கு மேற்கேயுள்ள தீவொன்றில் பிறந்தவர், நான் பட்டணத்தான்.

"இஞ்சேருங்கோ, பட்டணத்தாருக்குக் கண்ணாடி போட்டும் கண் தெரியாது எண்டு கலியாணத்துக்கு முதலே எனக்குச் சொன்னவை. பிழை விட்ட ஆள் ஒரு கிழமைக்குத் தேத்தண்ணி போடுறது. சரியோ?"

"ஓம்," என்றேன். பந்தயம் தீரவில்லை. சென்ற மாரியில் அவர் இறந்தார்.

இப்போது அந்த மேசையில் இருப்பவள் இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஓய்விலிருந்த என்னை அழைத்தாள்.

"அங்கிள், ரேடார் அளவீடு வந்திட்டுது. திங்கள் டெர்மின் வைக்கட்டே, ஒபிசுக்கு வந்து பாக்கிறியளோ? முடிவை நீங்கள்தான் எழுதவேணும்."

திங்களன்று அவளருகே போய் அமர்ந்தேன். விமானம் அனுப்பும் அலை பனியை ஊடுருவி, அடித்தரையில் பட்டுத் திரும்பும். திரையில் கடல்மட்டம் சிவப்பு நேர்கோடு, அடித்தரை நீலக்கோடு. நீலம் சிவப்பைத் தாண்டினால் தீவு. நான் தோற்க வேண்டும் என்பதைத் தவிர அன்று எனக்கு வேறு எண்ணமில்லை.

தெற்கிலிருந்து நீலக்கோடு மெல்ல ஏறியது. நடுவில் சிவப்பை நெருங்கியது, சரிந்தது.

"அங்கிள், சோதனை மறுமொழி பாக்கிற பெடியன் மாதிரி இருக்கிறியள். மூச்சை விடுங்கோ."

வடமுனை இன்னும் மீதமிருந்தது. அங்கே கோடு மறுபடியும் ஏறியது, முன்னிலும் செங்குத்தாக. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டேன். சிவப்புக்குச் சற்றே கீழே அது தட்டையாகி, இறங்கி, திரையின் ஓரத்தில் முடிந்தது.

"கறுப்பு இருந்தது இதிலதானே?"

"ஓம், அங்கிள்."

"திரும்ப ஒருக்கா ஓட்டும், பிள்ளை."

"சரிபாத்தது, அங்கிள். எண்டாலும் ஓட்டுறன்."

இரண்டாம் முறையும் அதே இடத்தில் ஏறி, அதே இடத்தில் நின்றது.

"அப்ப நீங்கள் சொன்னதுதான் சரி," என்று சிரிக்கத் தொடங்கியவள், என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள். கோப்பிலிருந்த எங்கள் இருவரின் குறிப்புகளையும் அவள் படித்திருந்தாள், பந்தயம் தெரியாது. எழுந்து கதவருகே போய்க் கேட்டாள்:

"தேத்தண்ணி போட்டுத் தரட்டே, அங்கிள்?"

"வேண்டாம், பிள்ளை."

விசைப்பலகையை என் பக்கம் இழுத்தேன். தீவு என்ற சொல்லை நீக்கி, பனிமேடு என்று எழுதினேன். புள்ளிக்கோட்டில் கை வைக்கவில்லை. பனியின் விளிம்பு அங்கேதான் இருந்தது.