நான் புகார் எழுதிய வைக்கோல்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு பங்குனி மாதக் காலையில் நடந்தது இது. எனக்கு மாறுதல் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வீடு அம்பாசமுத்திரத்தில். புதிய பள்ளிக்கூடம் அங்கிருந்து பதினோரு கிலோமீட்டர் தள்ளி, மலையடிவாரத்தில் ஒரு சின்ன ஊரில். நான் அங்கே கணக்கு டீச்சர்.

அந்த ஊருக்குக் காலையில் ஆறே முக்காலுக்கு ஒரு பஸ் உண்டு. அதை விட்டால் ஒன்பதே முக்காலுக்குத்தான். பிரேயரோ ஒன்பதே காலுக்கு. முதல் பஸ்ஸில் போனால் வாட்ச்மேன் வருவதற்கு முன்பே போய்ப் பூட்டிய கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அடுத்த பஸ்ஸில் போனால் தலைமையாசிரியர் முகத்தைப் பார்க்க முடியாது. ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று முயன்று பார்த்தேன். மூன்றாம் நாளே எதிர்வீட்டு மரக்கேட்டில் கொண்டுபோய் முட்டினேன். எதிர்வீட்டுக்காரர் நல்ல மனிதர், ஒன்றுமே சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரமே கேட்டை இரும்பில் மாற்றிவிட்டார். "நீ வண்டிய ஓட்டுதியா, வண்டி உன்னைய ஓட்டுதா?" என்று என் கணவர் கேட்டதோடு ஸ்கூட்டர் ஆசை போய்விட்டது.

மிச்சம் இருந்தது, என் மகள் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போகும்போது விட்டுவிட்டுப் போன கியர் சைக்கிள். காற்று இறங்கி, மாடிப்படிக்கு அடியில் கிடந்தது. நாற்பத்தைந்து வயதில் அதைத் துடைத்து எடுத்தேன்.

முதல் ஏழு கிலோமீட்டர் சுகமான சமவெளி. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயலும் வாழையும். அதற்குப் பிறகுதான் பொத்தை வரும். எங்கள் பக்கம் சின்னக் குன்றைப் பொத்தை என்போம். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. ரோடு அதன் தோள் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்குகிறது. ஏற்றத்தில் மொத்தம் பதினேழு கரன்ட் கம்பங்கள். முதல் நாள் மூன்றாவது கம்பத்திலேயே இறங்கி, மிச்சத்தைத் தள்ளிக்கொண்டே போனேன். எங்கள் பள்ளிப் பிள்ளைகள் "குட் மார்னிங் டீச்சர்" என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே என்னைத் தாண்டிப் போனார்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

ஆனால் கணக்கு டீச்சர் இல்லையா, கம்பங்களைச் சும்மா விடவில்லை. இரண்டு வாரத்துக்கு ஒரு கம்பம் கூடுதலாக ஏற வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். சைக்கிளுக்குச் சுடிதார், பள்ளிக்குச் சேலை. நாலு சேலையை லேப் பீரோவிலேயே வைத்துவிட்டேன். இரண்டு டம்ளர் நீராகாரம் குடித்துவிட்டுக் கிளம்பினால் தெம்பாக இருந்தது. மூன்று இட்லிக்கு மேல் சாப்பிட்டால் ஏழாவது கம்பத்தில் அது தெரிந்துவிடும். கார்த்திகை மழையில் மட்டும் பத்தாவது கம்பத்திலிருந்து எட்டாவதுக்கு இறங்கிவிட்டேன். மற்றபடி முன்னேற்றம்தான். கால் வலி போய், ராத்திரி படுத்ததும் தூங்க ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டில் "என்ன டீச்சர், இளைச்சிட்டிய?" என்று கேட்டபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே!

அந்தச் சந்தோஷத்தில் கொஞ்சம் தலைக்கனமும் சேர்ந்துகொண்டது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

மாசி கடைசியில் பிசான நெல் அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது, யாரும் எதிர்பாராமல் இரண்டு நாள் மழை கொட்டியது. பொத்தைக்கு அந்தப் பக்கம், இறக்கம் முடிகிற இடத்தில், ஓர் அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். நாலு மாடு வைத்திருந்தார். அறுத்த வைக்கோல் முழுவதும் நனைந்துவிட்டதால் அதைக் கொண்டுவந்து ரோட்டில் விரித்துக் காயப் போட்டார். பாதி ரோட்டுக்கு வைக்கோல். சாயங்காலம் நான் திரும்பும்போது அதுதான் எனக்கு ஏற்றம். ஒரு நாள் வைக்கோல் பல்சக்கரத்தில் சுற்றிக்கொண்டு சைக்கிள் அப்படியே நின்றுவிட்டது. காலை ஊன்றியதில் செருப்பு வார் அறுந்தது.

"ரோடு என்ன உங்க வீட்டுக் களமா?" என்று சத்தம் போட்டேன்.

அந்த அக்கா நிமிர்ந்து பார்த்தார். "காரும் லாரியும் பேசாமப் போகுது. உங்க சைக்கிளுக்குத்தான் நோவுதாக்கும்?"

எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போனதும் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, மார்ஜின் விட்டு, பஞ்சாயத்து அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். ஒரு வாரத்தில் ஆள் வந்து, வைக்கோலை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அக்கா அவ்வளவு வைக்கோலையும் ரோட்டிலிருந்து அள்ளி, ரோடு வளைகிற இடத்தில், இறங்கி வரும்போது இடது பக்கம் இருந்த தன்னுடைய துண்டு நிலத்தில் குவித்துவிட்டார். தன்னந்தனியாக, இரண்டு நாள். நான் அந்த வழியாகத் தலையை நிமிர்த்திக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு அடுத்த கட்டை அள்ளப் போனார்.

அதே வாரம் என் சைக்கிள் பிரேக் பிடித்தால் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. காற்று அடிக்கப் போன இடத்தில் சைக்கிள் கடைக்காரர், "பிரேக் கட்டை தேஞ்சு போச்சு டீச்சர், ஒயரும் பிரிஞ்சிருக்கு. மாத்திருங்க" என்றார். "அடுத்த வாரம் வாரேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. பொதிகை மலை தெளிவாகத் தெரிந்தது, காற்று பின்னாலிருந்து தள்ளியது. பதினான்காவது கம்பத்தைத் தாண்டும்போதே, இன்றைக்கு முடியும் என்று மனதுக்குள் ஏதோ சொன்னது. பதினைந்து. பதினாறில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பதினேழு! கால் ஊன்றாமல் உச்சிக்கு வந்துவிட்டேன். எட்டு மாத உழைப்பு. "ஏய்!" என்று கத்தினேன். அங்கே மேய்ந்துகொண்டிருந்த நாலு ஆடுகள் திரும்பிப் பார்த்தன. உடனே கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏறிட்டேன்!"

"நெசமாவா? சரி சரி, பைய இறங்கு."

வழக்கமாக இரண்டு பிரேக்கையும் பிடித்தபடிதான் இறங்குவேன். அன்றைக்கு யார் சொன்னாலும் கேட்கிற நிலையில் நான் இல்லை. பிரேக்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். காற்று காதில் இரைந்தது. துப்பட்டா பின்னால் பறந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே போனேன். பாதி இறக்கத்தில், போதும் என்று பின் பிரேக்கைப் பிடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கீச் சத்தம்கூட வரவில்லை. முன் பிரேக்கைப் பலம் கொண்ட மட்டும் அமுக்கினேன். 'டப்' என்று ஒயர் அறுந்து, பிடி கையோடு தொளதொளவென்று வந்துவிட்டது.

கீழே ரோடு வலது பக்கம் வளைகிறது. வளையாமல் நேரே போனால் வாய்க்கால், கரையெல்லாம் கருங்கல். அந்த வேகத்தில் என்னால் வளைக்க முடியாது என்று தெரிந்துவிட்டது. சாமியைக் கூப்பிட நேரமில்லை. இடது பக்கம் மஞ்சளாக ஒரு குவியல் தெரிந்தது. ஹேண்டில்பாரை அந்தப் பக்கம் திருப்பினேன்.

அதற்குப் பிறகு இருட்டு. வாய் நிறைய வைக்கோல். கால் இரண்டும் வெளியே, ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு.

"எம்மா, யாரு அது?" என்று ஒரு குரல். யாரோ என் காலைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால், கையில் தண்ணீர்ச் செம்போடு அந்த அக்கா.

"டீச்சரா!" என்றார். செம்பைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "காலை நீட்டுங்க. மடக்குங்க. கையைத் தூக்குங்க பாப்போம். எங்கனயாவது வலிக்குதா?" முழங்கையில் சிராய்ப்பு, மோவாயில் ஒரு கீறல். அவ்வளவுதான். தலையைத் தடவிப் பார்த்துவிட்டு, செம்பை என் வாயில் வைத்தார். குடித்து முடித்ததும்தான் அவருக்கும் மூச்சு வந்தது போல.

"நல்லவேளை டீச்சர்," என்றார் சாதாரணமாக. "இங்கன உக்காந்துதான் புரி முறுக்கிட்டு இருந்தேன். தண்ணி தவிச்சுதேன்னு இப்பந்தான் எந்திரிச்சுப் போனேன்."

அவர் காட்டிய இடத்தைப் பார்த்தேன். பாதி முறுக்கிய புரி, அந்த வைக்கோல் கயிறு, தரையில் கிடந்தது. அதன் மேல் என் சைக்கிள் கிடந்தது.

விழும்போது வராத பயம் அப்போதுதான் வந்தது. அழுகையை அடக்க முடியவில்லை. நான் வலியில் அழுவதாக நினைத்து, அவர் என் முழங்கையை ஊதிக்கொண்டிருந்தார். அது இன்னும் மோசமாக இருந்தது.

"அக்கா, அந்த மனுவை எழுதினது நான்தான்" என்றேன்.

"தெரியும்லா. ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டினாவ. பொதுமக்களின் உயிருக்கு ஆபத்துன்னு எழுதியிருந்தியளாம்லா?" அவர் சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கலைந்து கிடந்த குவியலைப் பார்த்தார். "அது நெசந்தான் போல!"

சொல்லிவிட்டு ஒரு சிரிப்பு சிரித்தார் பாருங்கள், கண்ணில் நீர் வரும்வரை. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். வாயிலிருந்த வைக்கோல் அப்போதுதான் முழுவதும் வெளியே வந்தது.

பள்ளிக்கூடம் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர். என்னைத் தனியாக விட அவருக்கு மனம் வரவில்லை. வளைந்துபோன முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். நாங்கள் உள்ளே நுழையும்போது பிரேயர் நடந்துகொண்டிருந்தது. தலை முழுக்க வைக்கோலோடு வந்த என்னைப் பார்த்துத் தமிழ்த்தாய் வாழ்த்து ஒரு வரி தடுமாறிப் பிறகு சமாளித்துக்கொண்டது. அன்று முழுவதும் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் சிரிப்பு. நான் கோபப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கணவரையும் கூட்டிக்கொண்டு அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். நான் கலைத்ததைக் குவித்துக் கொடுப்பதுதான் திட்டம். அள்ள அள்ளத்தான் தெரிந்தது, அடியில் ஒரு பகுதி கறுத்துப் புழுங்கிப் போயிருந்தது. ஈரம் காய்வதற்கு முன்பே அள்ள வைத்தது என் மனுதான். "மாட்டுக்கு ஆகாது, உரக்குழிக்குப் போடலாம்" என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அரை நாளில் எனக்கு இடுப்பு ஒடிந்தது. இதை அவர் ஒற்றை ஆளாக இரண்டு நாள் செய்திருக்கிறார். மத்தியானம் அவர் வீட்டுச் சோறும் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பும். என் கணவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நீ மாசம் ஒரு தடவை விழலாம் போல இருக்கே" என்றார்.

அந்த ஊருக்கு ஒரு சிமெண்டுக் களம் கட்டித் தர வேண்டும் என்று, அந்த அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு மனு எழுதினேன். களம் இன்னும் வரவில்லை. மனு எண் மட்டும் வந்திருக்கிறது. விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். அதுவரைக்கும் அறுப்புக் காலத்தில் வைக்கோல் ரோட்டில்தான் காய்கிறது. ஓரத்தில் மட்டும் இரண்டடி அகலத்துக்கு இடம் விட்டுவிடுகிறார். ஊரில் அதற்கு 'டீச்சர் பாதை' என்று பெயர்.

அன்றைக்கு ரோட்டில் உண்மையான ஆபத்தாக இருந்தது நான்தான், அது எனக்குக் கொஞ்சமும் தெரியாமல் அடுத்தவர் தப்பை அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த அக்காவுக்குத் தாகம் எடுக்காமல் இருந்திருந்தால் என்ற நினைப்பு இப்போதும் சில நாள் வருகிறது. அந்த நினைப்புதான் யார் மீதும் சட்டென்று குற்றம் சொல்லவிடாமல் என்னைக் கொஞ்சம் நிதானமான மனுஷியாக வைத்திருக்கிறது.