மைக் அக்கா பெற்ற மூன்று

தள்ளுவண்டியில் காய்கறி விற்கும் அவளுக்கு ஊர் வைத்த பெயர் மைக் அக்கா. தெருமுனையில் நின்று "தக்காளி" என்றால், நாலாம் மாடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். பிறந்த அன்றைக்கே நர்ஸின் காதைப் பதம் பார்த்தவள் என்பது அவள் அம்மாவின் வாக்குமூலம். லாரி ஓட்டும் புருஷன் வீட்டில் வாய் திறப்பதே இல்லை. இடம் கிடைத்தால்தானே!

மூன்று பிள்ளைகள். மூன்றுக்கும் அரசாங்கம் மாதாமாதம் பிள்ளைப் பணம் கொடுத்தது; வீட்டு வாடகை அதில்தான் ஓடியது. இல்லாத பிள்ளையைக் காட்டிப் பலர் பணம் வாங்குவதாக யாரோ புகார் கொடுக்க, வீடு வீடாகப் பார்த்துவர ஓர் அதிகாரியை அனுப்பினார்கள். அவர் வந்தது ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அந்தக் குடியிருப்பில் பிள்ளைகளுக்குச் சொந்த வீடென்று ஒன்று கிடையாது. எங்கே வாசனை வருகிறதோ, அன்றைக்கு அதுதான் வீடு. மைக் அக்காவின் கூடத்தில் ஐந்து உருப்படிகள் தட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அவள் பெற்றதில்லை.

"இதுல உங்க பிள்ளைங்க யாரும்மா?"

"இதுல இல்ல சார். அதுங்க எங்கயாச்சும் தின்னுக்கிட்டிருக்கும்."

அதிகாரி ஒரு சிறுமியிடம் குனிந்தார். "இவங்க உங்கம்மாவா பாப்பா?"

"இல்ல, இவங்க அத்தை. எங்கம்மா இவ்ளோ கத்த மாட்டாங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார். "அஞ்சு இருக்கு, ஒண்ணும் உங்களுது இல்ல. பணத்தை நிறுத்தச் சொல்லித்தான் எழுதணும்."

வாடகைக்கு வந்து நிற்கும் வீட்டுச் சொந்தக்காரர் முகம் அவள் கண்முன் வந்து போனது. பால்கனிக்குப் போய் இடுப்பில் கை வைத்தாள்.

"எருமைங்களா! இப்ப வரலைன்னா காலை ஒடிச்சுப்புடுவேன்!"

படிக்கட்டு அதிர்ந்தது. யாரைத் திட்டினாளென்று தெரியாததால் குடியிருப்பின் மொத்தப் பிள்ளைகளும் வந்து நின்றன. அதில் மூன்றைக் காதைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினாள்.

"இதுங்கதான் சார்."

"இத்தனை பேர்ல இதுங்கதான்னு நான் எப்படிம்மா நம்பறது?"

அதற்குள் மூன்றும் சேர்ந்து, "விடும்மா, பாதிச் சோத்துல எழுந்து வந்திருக்கோம்!" என்று கத்தின. ஜன்னல் கண்ணாடி கிணுகிணுத்தது. தெரு நாய் ஒன்று எழுந்து இடம் மாறியது.

அதிகாரி ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் கையெழுத்துப் போட்டார். "போதும்மா, தெரிஞ்சுபோச்சு."

படியிறங்கும்போது கீழ்வீட்டுக்காரி வழிமறித்தாள்.

"பெத்ததுக்கு அவளுக்குக் குடுக்கறீங்க, சரி. காது கிழியக் கேக்கறதுக்கு எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா சார்?"